குணமானவர்களும் குணப்பட்டவர்களும்

வேத பாடம்: யோவான் 3:1-21, லூக்கா 17:11-19



பெரிய ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்குப் புறப்படுகிற நோயாளிகள் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பிச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "இது எனக்கு மறுபிறவிங்க." ஆஸ்பத்திரி வார்டில் சில நாட்கள் துணைக்கு இருந்தவர்கள் யாவரும் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வார்த்தையில் பொய் இல்லை. போகவிருந்த உயிர் திரும்பி வந்திருக்கிறது. நன்றியுள்ள இருதயத்திலிருந்து அது வருகிறது. ஆனாலும் நம்முடைய ஆண்டவர் ஒரு இராத்திரி வேளையில் நிக்கொதேமு என்ற யூதப் பெரியவரோடு பேசிய மறுபிறப்பு இதுவல்ல. பிழைத்து எழுந்தவன் பழைய மனுஷனாகவே எழும்பக்கூடும். படுக்கையில் கிடந்தபோது விட்ட குடியை வீட்டுக்குப் போன மறுவாரமே தொட்டவர்கள் உண்டு.

இதை இங்கே எடுத்துப் பேசக் காரணம் உண்டு. மருத்துவ ஊழியத்தைத் தாங்குகிற அன்பர்களில் சிலர், இத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்ற கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டபின், "சரி ஐயா, எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்று கேட்பதுண்டு. பாரம் உள்ளவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஆகையால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாமல் வேதத்தை வைத்து ஆராய்வது நல்லது. மறுபிறப்பு என்றால் என்ன, குணப்படுதல் என்றால் என்ன என்று தெரியாமல் அதை எண்ண முடியுமா முடியாதா என்று சொல்ல இயலாது.

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. அப்போஸ்தலர் 3:19-இல் பேதுரு ஜனங்களை மனந்திரும்பும்படி அழைக்கும்போது, அதோடு "குணப்படுங்கள்" என்ற சொல்லும் வருகிறது. காய்ச்சல் குணமாயிற்று, புண் குணமாயிற்று என்று நாம் தினந்தோறும் பேசுகிற அதே "குணம்" அங்கே இருக்கிறது. மூல மொழியாகிய கிரேக்கில் அந்தச் சொல்லுக்குத் திரும்புதல் என்று பொருள். போகிற வழியில் நின்று, முகத்தைத் திருப்பி, வந்த திசைக்கே நடப்பது. மனந்திரும்புதல் என்பதற்கான சொல்லோ எண்ணத்தில் உண்டாகும் மாற்றத்தைக் குறிக்கும். எண்ணம் மாறுகிறது, கால்களும் திரும்புகின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. லூக்கா 22:32-ஐயும் பாருங்கள். மூன்றரை வருஷம் ஆண்டவரோடு கூடவே நடந்த பேதுருவைப் பார்த்து, நீ குணப்பட்டபின் உன் சகோதரருக்கு உதவு என்ற கருத்தில் இயேசு பேசுகிறார். சீஷனாயிருந்தவனுக்கே இன்னும் ஒரு திரும்புதல் பாக்கியிருந்தது!

குணப்படுதல் மனுஷன் திரும்புவதைச் சொல்கிறது என்றால், மறுபிறப்பு தேவன் செய்வதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லைகள் கொஞ்சமல்ல.

இராத்திரியில் வந்தவர்

நிக்கொதேமு சாதாரண ஆள் அல்ல. பரிசேயர், யூதருக்குள் அதிகாரி, வேதம் போதிக்கிறவர். கள்ளரோ குடிகாரரோ அல்ல. நம்முடைய சபையில் இருந்திருந்தால் கமிட்டியில் நிச்சயமாய் இருந்திருப்பார். அப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான், மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணவும் முடியாது என்று ஆண்டவர் சொன்னார். சமாரியா ஸ்திரீயிடம் பேசும்போது இந்த வார்த்தையை அவர் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜீவத் தண்ணீரைப் பற்றிப் பேசினார். "நீ முதலிலிருந்து தொடங்கவேண்டும்" என்பதை மதபக்தி நிறைந்தவரிடம்தான் சொன்னார்.

அந்த இடத்தில் வருகிற "அனோதென்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: "மறுபடியும்" என்பது ஒன்று, "மேலிருந்து" என்பது மற்றொன்று. இதே அதிகாரத்தின் 31-ஆம் வசனத்தில் அது மேலிருந்து என்ற பொருளிலேயே வருகிறது. நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, வயதானவன் தாயின் வயிற்றுக்குள் திரும்பவும் போக முடியுமா என்று கேட்டுவிட்டார். ஆண்டவர் அவரை இரண்டாம் பொருளுக்கு இழுக்கிறார். இது இன்னொரு தடவை பிறப்பது மட்டுமல்ல, வேறொரு இடத்திலிருந்து பிறப்பது.

நம் தேசத்தில் மறுபிறப்பு என்றதும் செத்தபின் இன்னொரு சரீரத்தில் பிறப்பது என்றே பலருக்குத் தோன்றும். அங்கே பிறவி ஒரு சுமை. அது எப்போது தீரும் என்பதே ஏக்கம். யோவான் 3-இல் உள்ளதோ சாவதற்கு முன்னே, இந்தச் சரீரத்தில் இருக்கும்போதே கிடைக்கிற ஈவு. அயலகத்தாரோடு பேசும்போது இந்த வேற்றுமையை மரியாதையோடு விளக்க நாம் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒன்று சொல்ல அவர்கள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறப்பது என்றதை நிக்கொதேமு அறிந்திருக்க வேண்டும் என்று ஆண்டவர் எதிர்பார்த்தார். இஸ்ரவேலின் போதகராயிருந்தும் இது தெரியாதா என்று கேட்கிறார் அல்லவா? எசேக்கியேல் 36:25-27-ஐ எடுத்து வாசித்தால் காரணம் விளங்கும். சுத்தமான ஜலம் தெளிக்கப்படுகிறது, கல்லான இருதயம் எடுக்கப்படுகிறது, சதையான இருதயம் வைக்கப்படுகிறது, தேவனுடைய ஆவி உள்ளே கொடுக்கப்படுகிறது. இருதய மாற்று ஆபரேஷன் நடப்பதை 1967-இல்தான் உலகம் முதன்முதலாகக் கண்டது. தீர்க்கதரிசியோ அதற்கு 2500 வருஷங்களுக்கு முன்னரே அந்த உவமையை எழுதி வைத்திருந்தார். ஆபரேஷன் மேஜையில் கிடக்கிறவன் தன் இருதயத்தைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது. சம்மதம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பிறப்பும் அப்படியே. எந்தக் குழந்தையும் முயற்சி செய்து பிறந்ததில்லை. பிரசவ வார்டில் வேலை செய்கிற நம் நர்ஸ் அம்மாக்களைக் கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், வழியை எளிதாக்குகிறார்கள், ஆபத்து வந்தால் கை கொடுக்கிறார்கள். உயிரை அவர்கள் உண்டாக்குவதில்லை. அவசரப்பட்டு இழுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேதம். ஆத்தும ஆதாயப் பணியிலும் அவசரமாய் இழுக்கிறவர்களால் உண்டான சேதத்தை நம்மில் அநேகர் பார்த்திருக்கிறோம்.

தீத்து 3:5-இல் மறுஜென்ம முழுக்கு என்ற பதம் வருகிறது. இதை ஞானஸ்நானத்தோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பதில் சபைகளுக்குள் வித்தியாசம் உண்டு. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாரும் இருப்பார்கள், வளர்ந்தபின் முழுக்கு கொடுக்கும் சபையாரும் இருப்பார்கள். அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் தீர்க்க வேண்டியதில்லை.

தேதி தெரியவேண்டுமா?

கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள், இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நாள், மாலை இத்தனை மணிக்கு இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லக் கேட்கிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதைக் கேட்டு, நமக்கு அப்படி ஒரு தேதி இல்லையே என்று உள்ளுக்குள் கலங்குகிற விசுவாசிகள் இருக்கிறார்கள். முக்கியமாக, ஜெபமுள்ள தாய்மாரின் மடியில் வளர்ந்தவர்கள்.

பிலிப்பி பட்டணத்தில் நடந்ததைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 16). ஒரே ஊர், ஒரே அதிகாரம். ஆற்றங்கரையில் ஜெபிக்க வந்த லீதியாள் இரத்தாம்பர வியாபாரம் செய்கிறவள். பவுல் பேச, கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். சத்தமில்லை, கண்ணீர் இருந்ததாகவும் எழுதப்படவில்லை. அதே ஊர்ச் சிறைச்சாலைக்காரனுக்கோ பூமி அதிர வேண்டியிருந்தது, கதவுகள் திறக்க வேண்டியிருந்தது, பட்டயத்தை உருவித் தன்னையே கொன்றுகொள்ளப் போகும் நிலை வர வேண்டியிருந்தது. இரண்டும் மெய்யான குணப்படுதலே. தீமோத்தேயுவைப் பற்றியோ எந்தத் தேதியும் இல்லை. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துக்கள், இவ்வளவுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கிராமத்திலிருந்து வந்த வயதான அம்மாவிடம் வயதைக் கேட்டால், "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அப்போ நான் கைக்குழந்தைங்க" என்பார். எழுதுகிறவர் 1964 என்று கணக்குப் போட்டுக்கொள்வார். பிறந்த தேதி தெரியாததால் அந்த அம்மா பிறக்கவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மூச்சு இருக்கிறது, பசிக்கிறது, வலிக்கிறது, பேரப்பிள்ளையைப் பார்த்தால் முகம் மலர்கிறது. 1 யோவானை வாசித்தால் தேவனால் பிறந்தவர்களுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் இந்த மாதிரியானவைதான். சகோதரனில் அன்பு இருக்கிறதா, பாவத்தோடு ஒத்துப்போக முடிகிறதா, இயேசுவைக் கிறிஸ்து என்று விசுவாசிக்கிறாயா? எந்த நாளில் என்ற கேள்வி அந்த நிருபத்தில் இல்லை.

சிறைச்சாலைக்காரன் குணப்பட்ட அந்த இராத்திரியில் செய்த முதல் வேலை என்ன? பவுலையும் சீலாவையும் அழைத்துக்கொண்டுபோய் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். ஞானஸ்நானம் அதன் பிறகுதான். சாயங்காலம் அவர்களுடைய கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அவன்தான். புண்ணைக் கழுவுகிற கை ஒரு புதுப் பிறப்பின் முதல் அடையாளமாக வேதத்தில் பதிவாகியிருப்பதை மருத்துவ ஊழியத்தில் இருக்கிறவர்கள் மறக்கலாகாது.

பண்டித ரமாபாய்

பெயரளவில் மாறுவதற்கும் பிறப்பதற்கும் உள்ள தூரத்தை நம் தேசத்தில் பண்டித ரமாபாய் அம்மையாரைப் போலத் தெளிவாய் எழுதி வைத்தவர்கள் குறைவு. 1858-இல் பிறந்தவர். தகப்பனார் அனந்த சாஸ்திரி, பெண்களுக்கு சமஸ்கிருதம் கற்பிக்கக்கூடாது என்றிருந்த நாளில் தம் மனைவிக்கு அதைக் கற்பித்தவர். தாய் லட்சுமிபாய் மகளுக்குக் கற்பித்தார். குடும்பமாய்த் தீர்த்தயாத்திரை செய்து, கோயில்களில் புராணம் வாசித்து வாழ்ந்தார்கள். 1870-களில் வந்த பஞ்சத்தில் தாய் தகப்பன் இருவரும் மாண்டார்கள். 1878-இல் கல்கத்தா பண்டிதர்கள் அவருடைய கல்வியைச் சோதித்துப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். திருமணமாகி இரண்டு வருஷத்துக்குள் கணவரை இழந்தார். கையில் மனோரமா என்ற பெண் குழந்தை.

1883-இல் அவர் இங்கிலாந்துக்குப் போனது மருத்துவம் படிக்க. இந்தியப் பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று 1882-இலேயே ஹண்டர் கமிஷன் முன் சாட்சி சொன்னவர் அவர். ஆனால் காது மந்தமாயிருந்ததால் மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தாரோடு தங்கினார். லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்தில், சமுதாயம் தள்ளிவிட்ட பெண்களை அந்தச் சகோதரிகள் வைத்துப் பராமரித்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டார். இவர்கள்மேல் ஏன் இவ்வளவு இரக்கம் என்று கேட்டபோது, சமாரியா ஸ்திரீயை இயேசு சந்தித்த சம்பவத்தை வாசித்துக் காட்டினார்கள். அது அவர் உள்ளத்தில் தங்கிற்று. அதே வருஷம் செப்டம்பர் 29-ஆம் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இங்கே கதையை முடித்துவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். அந்த அம்மையார் முடிக்கவில்லை. பின்னாளில் 1907-இல் வெளியிட்ட தமது சாட்சியில், ஞானஸ்நானம் பெற்ற காலத்தில் தாம் கிறிஸ்து மார்க்கத்தைக் கண்டுகொண்டதாகவும், கிறிஸ்துவை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்றும் சொல்கிறார். மார்க்கத்தின் உபதேசம் அவர் அறிவுக்குச் சிறந்ததாகத் தோன்றியது, அதனால் ஏற்றுக்கொண்டார். வான்டேஜ் சகோதரிகளோடு உபதேசக் காரியங்களில் கடிதம் கடிதமாய் வாதாடினார். அடங்கிப்போகிற சுபாவம் அவருக்கு இல்லை. அது நல்லதுக்கே என்று எனக்குப் படுகிறது. எட்டு வருஷம் போல் கழிந்தபின், ஹாஸ்லம் என்ற ஆங்கிலப் போதகர் எழுதிய ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. இந்த ஹாஸ்லம் 1851-இல், கார்ன்வாலில் தம் சொந்தச் சபையில், தாமே பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது குணப்பட்டவர்! போதகர் குணப்பட்டுவிட்டார் என்று சபையில் ஒருவர் எழுந்து கத்தினாராம். அதை வாசித்த ரமாபாய்க்குத் தம் நிலை புரிந்தது. தன்னைத் தகுதியாக்கிக்கொண்டு வரத் தேவையில்லை, இருக்கிற நிலையிலேயே கிறிஸ்து ஏற்றுக்கொள்கிறார் என்ற நிச்சயம் அப்போதுதான் கிடைத்தது.

மார்க்கம் மாறியது 1883. மறுபடியும் பிறந்த நிச்சயம் ஏறக்குறைய 1891. முதலாவது நடந்தபோது பத்திரிகைகளில் பெரிய சத்தம் எழுந்தது. இரண்டாவது நடந்தது யாருக்கும் தெரியாது. எந்த வருஷத்து அறிக்கையில் அவரை எண்ணுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1889-இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காக அவர் தொடங்கிய சாரதா சதன் பள்ளியில் மதப் போதனை கட்டாயமில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் காத்தார். ஆனால் தம் அறைக் கதவைத் திறந்துவைத்தே ஜெபிப்பார். விரும்பிய பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1893-இல் இதனால் பெரும் எதிர்ப்பு உண்டாகி, ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள், பெற்றோர் பல பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் இழுத்து வைக்கவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை. பிறகு 1896-97 பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றி, பூனாவுக்குக் கிழக்கே கேட்கானில் முக்தி ஸ்தாபனத்தில் வைத்துத் தொழில் கற்பித்தார். எபிரெயமும் கிரேக்கும் கற்று வேதத்தை மராத்தியில் மொழிபெயர்த்து, அதை முடித்தபின் 1922-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிறந்த குழந்தை வளர வேண்டும்

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஜான் நியூட்டன் என்ற கப்பல்காரர் 1748 மார்ச் மாதம் அட்லாண்டிக் புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். இந்தக் கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார் என்பது பலருக்குத் தெரியாது. 1754 வரை ஆப்பிரிக்க ஜனங்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோனார். கப்பலில் வேதம் வாசித்தார், ஆராதனை நடத்தினார், கீழ்த்தளத்தில் மனுஷர் முனகிக்கொண்டிருந்தார்கள். கடல் வேலையை விட்டதுகூட உடல்நலக் குறைவினால். அந்த வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாய் எழுதியது 1788-இல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருஷம்.

அப்படியானால் அவர் 1748-இல் குணப்படவில்லையா? தாம் அப்போது முழு அர்த்தத்தில் விசுவாசியாயிருந்ததாக நினைக்க முடியவில்லை என்று பின்னர் அவரே எழுதினார். ஒன்று நிச்சயம்: திரும்பின மனுஷன் தன் தொழிலையும் பணப்பையையும் திருப்ப நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டதற்கு விலை கொடுத்தவர்கள் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களே. சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாக அன்றே சொன்னான் (லூக்கா 19). மனந்திரும்புதல் கணக்குப் புத்தகம் வரை வரவேண்டும். நம் வீட்டு வேலைக்காரருக்கும் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளருக்கும் கொடுக்கிற கூலியிலும், அவர்களை அழைக்கிற வார்த்தையிலும் அது தெரியவேண்டும்.

பத்துப் பேரும் சுத்தமானார்கள்

இனி அன்பர்களின் கேள்விக்கு வருவோம். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். ஆண்டவர் ஒரு நிபந்தனையும் போடவில்லை. போகிற வழியில் பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஒருவன் மட்டும், அதுவும் ஒரு சமாரியன், திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வியில் துக்கம் இருக்கிறது. ஆனால் ஒன்பது பேரின் தோலில் குஷ்டம் திரும்பவும் வரவில்லை. கொடுத்த சுகத்தை அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை.

பத்துப் பேர் குணமானார்கள், ஒருவன் குணப்பட்டான். மிஷன் ஆஸ்பத்திரி செய்யக்கூடியது முதலாவது. அதைப் பத்துப் பேருக்கும் ஒரே தரத்தில் செய்யவேண்டும். சுகம் தூண்டிலாக மாறும் நிமிஷமே அது ஆண்டவர் கொடுத்த சுகமல்ல. படுக்கையில் கிடப்பவர் நம் கையில் இருக்கிறார். இரவில் வலிக்கு ஊசி போடுகிறவரிடம் அவர் "இல்லை" என்று சொல்லப் பயப்படுவார். அப்படிப்பட்டவரிடம் வாங்குகிற "ஆம்" என்ன மதிப்புடையது? கேட்டால் சொல்லுவோம், விரும்பினால் ஜெபிப்போம், ரமாபாய் அம்மையாரைப் போலக் கதவைத் திறந்துவைப்போம். திரும்பி வருகிறவனை ஆவியானவர் அறிவார். காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரியாதது போலவே ஆவியினால் பிறப்பதும் என்று ஆண்டவர் சொன்னபின், அதற்கு ஒரு பத்தி போட்டு எண்ணிக்கை எழுதுவது எந்தக் குமாஸ்தாவாலும் ஆகாது. சிகிச்சைக் கணக்கைக் கேளுங்கள். காணிக்கை எப்படிச் செலவானது என்று பைசா வரை கேளுங்கள். மற்றதுக்காக ஜெபியுங்கள்.

இந்த மாதம் குடும்ப ஜெபத்தில் நிக்கொதேமுவின் பெயர் வரும் மூன்று இடங்களையும் வாசியுங்கள்: யோவான் 3:1-21, 7:45-52, 19:38-42. முதலாவதில் இராத்திரியில் வருகிறார். இரண்டாவதில் ஆலோசனைச் சங்கத்தில், விசாரிக்காமல் ஒருவனைத் தீர்க்கலாமா என்று ஒரு வாக்கியம் பேசி ஏச்சு வாங்குகிறார். மூன்றாவதில், கூடவே இருந்த சீஷர்கள் கலைந்துபோனபின், இந்நாளைய அளவில் 30 கிலோவுக்கு மேல் வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவந்து, சிலுவையில் மாண்டவருடைய சரீரத்தைத் தம் கைகளால் சுற்றி அடக்கம் செய்கிறார். இவற்றில் எந்த இடத்தில் அவர் மறுபடியும் பிறந்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.